வெப்பம் எங்கே போகிறது? பழைய டீசல் டிராக்டரின் ஹீட்டர் பிளக் மின்சுற்று

டீசல் எஞ்சினுக்குத் தீ மூட்டும் பொறி கிடையாது. பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் செய்கிற வேலையை இங்கே காற்றே செய்கிறது. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கும்போது அது 500 டிகிரி செல்சியஸுக்கும் மேலாகச் சூடேறுகிறது. அதன்மேல் பீய்ச்சப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. டீசல் தானே பற்றுவதற்கு 250 டிகிரியை ஒட்டிய வெப்பநிலை போதுமென்பதால், கணக்கில் மட்டும் பார்த்தால் எந்தக் குளிரிலும் எஞ்சின் ஓடத் தொடங்கிவிட வேண்டும். ஆனால் இரவெல்லாம் பனியில் நின்ற இரும்பு, நெருக்கப்பட்ட காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. குளிரில் இறுகிய எண்ணெயை எதிர்த்து ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுழற்றும்போது அந்த உறிஞ்சலுக்குக் கூடுதல் நேரமும் கிடைக்கிறது. தேய்ந்த பிஸ்டன் வளையங்களின் வழியே காற்றில் ஒரு பகுதி கசிந்தும் போகிறது. மிஞ்சிய வெப்பம் டீசல் துளிகளைப் பற்றவைக்கப் போதாதபோது, அவை எரியாமலே ஆவியாகிச் சைலன்சர் வழியே வெண்புகையாக வெளியேறுகின்றன.

இந்தப் பற்றாக்குறையை ஈடுசெய்யும் சிறு கருவியே குளோ பிளக். தமிழ்நாட்டுப் பணிமனைகளில் அதற்கு ஹீட்டர் பிளக் என்று பெயர். எல்லா டீசல் எஞ்சினுக்கும் அது தேவைப்படுவதில்லை. பிஸ்டன் தலையின் மேலேயே நேராக எரிபொருள் பீய்ச்சப்படும் நேரடிச் செலுத்தல் எஞ்சின்களில் வெப்பத்தைப் பறிக்கும் உலோகப் பரப்பு குறைவு. தமிழ்நாட்டு வயல்களில் ஓடும் நடுத்தர, பெரிய டிராக்டர்களில் பெரும்பாலானவை இவ்வகையின என்பதாலும், சமவெளியின் குளிர் லேசானது என்பதாலும், ஹீட்டர் பிளக் என்ற ஒன்றைப் பார்க்காமலே ஒரு தலைமுறை இங்கே டிராக்டர் ஓட்டிப் பழகியிருக்கிறது. சிறிய எஞ்சின்களின் கதை வேறு. அவற்றில் பல, சிலிண்டருக்கு அருகே குடைந்த ஒரு சிற்றறையில் எரிதலைத் தொடங்கிவைக்கின்றன. 1909-ல் ஜெர்மனியின் பென்ஸ் நிறுவனத்தில் பிராஸ்பர் லோராஞ்ச் உருவாக்கிய முன்னறையும், பின்னர் இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ வடிவமைத்த சுழலறையும் இந்த வழியில் வந்தவை. சிற்றறையினால் ஓட்டத்தில் மென்மை கிடைத்தது; அதற்கு விலையாக, கொள்ளளவை ஒப்பிடச் சுவர்ப்பரப்பு மிகுந்துபோய், குளிர்ந்த நிலையில் அந்த அறை வெப்பத்தை விரைந்து இழந்தது. ஆகவே ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒரு மின்சூடேற்றியின் நுனியை நீட்டிவைக்க வேண்டியதாயிற்று. 1921-ல் மான்ஹைம் நகரில் வெளிவந்த லான்ஸ் புல்டாக் டிராக்டரில் எஞ்சின் தலையை ஊதுவிளக்கின் சுவாலையால் சூடாக்கிவிட்டே ஓட்டத் தொடங்க வேண்டியிருந்தது. வெளியிலிருந்து சுவாலை செய்த அந்த வேலையை உள்ளிருந்து இருபது வினாடியில் செய்துமுடிப்பதே ஹீட்டர் பிளக்கின் பணி எனலாம்.

1970-களிலும் 80-களிலும் ஜப்பானிய நெல்வயல்களுக்கென உருவான சிறு டிராக்டர்கள், குறிப்பாகக் குபோட்டாவின் இரண்டு, மூன்று சிலிண்டர் வண்டிகள், இந்தக் கட்டுரைக்குத் தகுந்த எடுத்துக்காட்டாகும். ஒசாகாவில் 1890-ல் வார்ப்பட ஆலையாகத் தொடங்கிய அந்நிறுவனம் 1960-ல் டிராக்டருக்கு வந்து, 1969 முதல் அமெரிக்கச் சந்தையிலும் நுழைந்தது. அக்கால வண்டிகள் பழைய சரக்காகப் பல நாடுகளுக்குப் போய், இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் எஞ்சின் பெரும்பாலும் சலிக்காமல் உழைக்கிறது. குளிர்காலக் காலையில் காலை வாருவது, மூன்று நான்கு மீட்டர் நீளம்கூட இல்லாத ஒரு மின்சுற்றுதான்.

அந்தச் சுற்று எளியது. பேட்டரியின் நேர்முனையிலிருந்து புறப்படும் வயர் முதலில் உருகிணைப்பு ஒன்றைக் கடக்கிறது. உருகிணைப்பு என்பது, அளவு மீறிய மின்னோட்டம் பாய்ந்தால் தான் உருகி மற்ற வயர்களைக் காக்கும்படி வேண்டுமென்றே மெலிதாக இடப்பட்ட வயர்த்துண்டு. அடுத்தது சாவி சுவிட்ச். பல மாதிரிகளில் சாவியை இடப்பக்கம் திருப்பிப் பிடித்தால் சூடேற்றும் நிலை கிடைக்கிறது. அங்கிருந்து மின்னோட்டம் ஓட்டுநர் முன்னுள்ள பலகையில் சிறு துளைகளுக்குப் பின்னால் தெரியும் ஒரு கம்பிச்சுருளைக் கடந்து, எஞ்சின் தலையை ஒட்டிப் பிளக்குகளை இணைத்துச் செல்லும் உலோகப் பட்டைக்கு வருகிறது. பட்டையிலிருந்து ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் இறங்கி, பிளக்கின் மரை வழியே எஞ்சின் உடலுக்குப் பாய்ந்து, எர்த் வயர் மூலம் பேட்டரியின் எதிர்முனையை அடைகிறது. பிளக்கின் உள்ளே, மூடிய உலோகக் குழலொன்றில் மின்தடைக் கம்பிச்சுருள் இருக்க, அதைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு தூள் இறுக்கித் திணிக்கப்பட்டிருக்கும். அந்தத் தூள் மின்சாரத்தைத் தடுத்து வெப்பத்தை மட்டும் வெளியே விடுகிறது. நுனி செந்நிறம் கடந்து ஒளிரும்போது அதன் வெப்பநிலை 800 டிகிரிக்கு மேல்.

ஹீட்டர் பிளக் எல்லாம் ஒரே வகையென்று எண்ணிவிடக்கூடாது. மேலே சொன்ன வண்டிகளில் பிளக்குகள் பக்கவிணைப்பில் இருக்கின்றன. அதாவது ஒவ்வொரு பிளக்கும் தனித்தனியே பட்டையிலிருந்து மின்சாரம் பெறுவதால், ஒன்று செத்தாலும் மற்றவை சூடேறும். 1960-களின் லேண்ட் ரோவர் டீசல் வண்டி போன்ற பழைய பிரிட்டிஷ் வாகனங்களிலோ அவை தொடரிணைப்பில் இருந்தன: மின்னோட்டம் ஒரு பிளக்கில் புகுந்து வெளிவந்து அடுத்ததற்குச் செல்லும், ஒன்று அறுந்தால் எல்லாமே அணையும். தொடரிணைப்புப் பிளக் ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டுக்கும் குறைவான அழுத்தத்துக்கென உருவானது. அதைக் கழற்றி நேராக 12 வோல்ட் பேட்டரியில் வைத்துச் சோதித்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் எரிந்துபோகும். கையிலுள்ள வண்டி எவ்வகை என்பதைப் பிளக்கின் தலையைப் பார்த்தே அறியலாம்: ஒரே ஒரு மின்முனை இருந்தால் பக்கவிணைப்பு, இரண்டு இருந்தால் தொடரிணைப்பு.

எஞ்சின் ஓட மறுத்ததும் பிளக்கைக் கழற்றத் தொடங்குவது பரவலான வழக்கம். அதற்கு முன் சைலன்சரைப் பார்ப்பது பயன்தரும். ஸ்டார்ட்டர் சுழலும்போது வெண்புகை வந்தால், எரிபொருள் சிலிண்டருக்குப் போகிறது, எரிய மட்டும் இல்லை என்று பொருள். அப்போது தேட வேண்டியது வெப்பத்தை, அல்லது காற்று நெருக்கத்தை. புகையே இல்லாவிட்டால் எரிபொருளே போகவில்லை. டேங்க், வடிகட்டி, குழாயில் புகுந்த காற்று ஆகியவற்றைப் பார்க்காமல் மின்சுற்றைத் துருவுவது வீண். எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு சில நிமிடம் ஒரு சிலிண்டர் மட்டும் தட்டுத்தடுமாறி, வெண்புகையோடு சேர்ந்துகொண்டால், பெரும்பாலும் அந்தச் சிலிண்டரின் பிளக் செத்திருக்கும். நண்பகலில் ஒரே சுழற்சியில் ஓடத் தொடங்கி விடியலில் மட்டும் மறுக்கிற எஞ்சினில், சூடேற்றும் சுற்றின்மேல் சந்தேகம் வலுக்கிறது.

வண்டிக்காரர்களைக் குழப்பும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. டெஸ்ட் லாம்ப் எனப்படும் சோதனை விளக்கைப் பிளக்கின் முனையில் வைத்தால் அது எரிகிறது. மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது. முகப்பு விளக்கும் பளிச்சென எரிகிறது. ஆகவே மின்சாரம் வருகிறது, பிளக்குகள்தாம் கெட்டுவிட்டன என்று முடிவுசெய்து புதிய பிளக்குகள் வாங்கிப் போடுகிறார்கள். மறுநாள் காலையும் எஞ்சின் எழவில்லை. இந்தத் தவறு அறியாமையால் வருவதன்று. கருவிகள் உண்மையையே சொல்கின்றன. கேட்கப்பட்ட கேள்வி வேறு.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். ஒரு பிளக்கின் மின்தடை 1 ஓம் என்று எளிமைக்காகக் கொள்ளலாம். உண்மையான அளவும் அதை ஒட்டியதே. மூன்று பிளக்குகள் பக்கவிணைப்பில் சேரும்போது மொத்தத் தடை 0.33 ஓம் ஆகிறது. பலகைக் கம்பிச்சுருளைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 12 வோல்ட்டில் 36 ஆம்பியர் பாய்ந்து, ஒவ்வொரு பிளக்கிலும் 144 வாட் வெப்பம் பிறக்கும். வழியில் ஏதோ ஓர் இணைப்பில், பச்சை பூத்த ஒரு லக்கில் அல்லது தேய்ந்த சுவிட்ச் முனையில், 0.1 ஓம் தடை புதிதாகச் சேர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மொத்தத் தடை 0.43 ஓம் ஆகி மின்னோட்டம் ஏறத்தாழ 28 ஆம்பியராகக் குறையும். பிளக்குகளை எட்டும் மின்னழுத்தம் 9.2 வோல்ட், ஒவ்வொரு பிளக்கின் வெப்பமும் 85 வாட். ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு, பிளக்கின் வெப்பத்தில் நூற்றுக்கு நாற்பதைத் தின்றுவிடுகிறது.

தின்ற வெப்பம் மறைந்துபோவதில்லை. கெட்டுப்போன அந்த ஒற்றை இணைப்பில் 77 வாட் வெப்பம் பிறக்கிறது. 25 வாட் சால்டரிங் அயர்ன் மூன்றை ஒரு லக்கின்மேல் வைத்ததற்கு அது சமம். பழைய டிராக்டர்களின் சாவி சுவிட்சுக்குப் பின்னால் பிளாஸ்டிக் உருகி வழிந்திருப்பதற்கும், வயர் உறை பழுத்துக் கறுத்திருப்பதற்கும் காரணம் இதுவே. சூடேறிய இணைப்பு மேலும் துருவேறுகிறது, வில்முனைகள் இளகித் தளர்கின்றன, தடை மேலும் கூடுகிறது. ஆகவே இந்தக் கோளாறு ஒருநாளில் தோன்றுவதில்லை. ஆண்டுக்காண்டு சற்றே கூடுதலாகச் சூடேற்ற வேண்டியிருந்து, ஒரு குளிர்காலத்தில் திடீரெனக் கெட்டதுபோலத் தெரிகிறது.

இதே 0.1 ஓம் தடை சோதனை விளக்கை ஏன் அணைக்கவில்லை? 5 வாட் விளக்குக்கு வேண்டியது 0.4 ஆம்பியருக்குச் சற்று அதிகம். அந்தச் சிறு ஓட்டத்தில் கெட்ட இணைப்பு விழுங்குவது 0.04 வோல்ட் மட்டுமே. பல இழைகள் அறுந்து ஓரிரு இழையில் தொங்கும் வயர்கூட அந்த விளக்கை எரியவைத்துவிடும். மல்டிமீட்டரோ அதைவிடப் பன்மடங்கு குறைவான மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்வதால், பிளக்கின் வயரைக் கழற்றிவிட்டு அளந்தால் எத்தகைய லூஸ் காண்டாக்டும் அதற்குத் தெரியாது. முப்பது ஆம்பியரைத் தாங்க வேண்டிய பாதையை, முப்பது ஆம்பியர் பாயும்போதுதான் சோதிக்க வேண்டும்.

அந்தச் சோதனைக்கு மின்னழுத்த இழப்புச் சோதனை என்று பெயர். மல்டிமீட்டரின் இரு முனைகளையும் நேர்முனைக்கும் எர்த்துக்கும் இடையே வைக்காமல், ஒரே வயரின் இரு கோடிகளில் வைப்பது இதன் சூட்சுமம். குறையற்ற வயரின் இரு கோடியும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால் மீட்டர் ஏறக்குறைய சுழியம் காட்டும். இடையில் தடை இருந்தால், அங்கே விழுங்கப்படும் வோல்ட் அப்படியே மீட்டரில் தோன்றும். எல்லாப் பிளக்குகளும் இணைந்திருக்க, ஒருவர் சாவியைச் சூடேற்றும் நிலையில் பிடித்திருக்கும்போது மற்றவர் அளப்பது வசதி. ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே, அதாவது கவ்வியில் அல்லாமல் கம்பத்தில், ஊன்றிவிட்டு, மறுமுனையை முதலில் கவ்விக்கும், பிறகு உருகிணைப்பின் இரு கோடிகளுக்கும், சுவிட்சின் உள்வழிக்கும் வெளிவழிக்கும், இறுதியில் பிளக் பட்டைக்குமாக நகர்த்திக்கொண்டே போனால், எண் எந்த இடத்தில் குதிக்கிறதோ அங்கேதான் திருடன் இருக்கிறான். ஓர் இணைப்பில் 0.1 வோல்ட்டுக்கு உள்ளாக, பலகைச் சுருள் நீங்கலாக முழு நேர்ப்பாதையிலும் 0.5 வோல்ட்டுக்கு உள்ளாக இழப்பு இருப்பது நல்ல நிலைக்கு அடையாளம். ஒவ்வோர் அளவையும் பத்துப் பதினைந்து வினாடியில் முடித்துச் சாவியை விட்டுவிட வேண்டும். இல்லையேல் சோதனையே பிளக்குகளை எரித்துவிடும்.

பலகைச் சுருள் நீங்கலாக என்று சொன்னதற்குக் காரணமுண்டு. ஓட்டுநர் முன்னிருக்கும் அந்தக் கம்பிச்சுருள் வெறும் அடையாள விளக்கன்று. பிளக்குகளுக்குப் போகும் முழு மின்னோட்டமும் அதன் வழியாகவே செல்கிறது. ஒன்று முதல் இரண்டு வோல்ட் வரை அது எடுத்துக்கொள்வது வடிவமைப்பிலேயே உள்ள ஏற்பாடு. இவ்வகை வண்டிகளின் பிளக்குகளில் 12 வோல்ட் என்றில்லாமல் 10.5 அல்லது 11 வோல்ட் எனப் பொறித்திருப்பதும் அதனால்தான். அந்தச் சுருள் அறுந்தால், பிளக்குகள் எவ்வளவு நல்லனவாக இருந்தாலும் சூடேற்றும் நிலையில் ஒரு துளி மின்சாரமும் அவற்றை எட்டாது. விளக்குதானே போயிற்று என்று அதைப் பொருட்படுத்தாமல் விடுவதும், கழற்றிவிட்டு இரு வயரையும் முறுக்கி இணைத்துவிடுவதும் அடிக்கடி நடப்பவை. பின்னதில் எஞ்சின் எழுந்துவிடும். ஆனால் பிளக்குகள் தமக்குரியதைவிடக் கூடுதல் மின்னழுத்தத்தில் எரிந்து விரைவில் சாகும்.

சரியாக இருக்கும் சுருளோ, மீட்டர் இல்லாமலே பலவற்றைச் சொல்லிவிடுகிறது. பதினைந்து இருபது வினாடியில் அது செந்நிறமானால் சுற்று நலம். மூன்று பிளக்குகளில் ஒன்று அறுந்திருந்தால் மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்கு குறையும். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் சுருளின் வெப்பம் பாதிக்கும் கீழே இறங்கி, நிறம் மங்கலாகி, சிவக்க நெடுநேரம் எடுக்கும். இரண்டு பிளக்குகள் போனால் சுருள் சிவப்பதே அரிது. மாறாக, சாவியைத் திருப்பிய சில வினாடியிலேயே அது வெண்மை கலந்து பளிச்சிட்டால், ஏதோ ஒரு பிளக் உள்ளேயே எர்த் ஆகிவிட்டது, அல்லது பட்டை எஞ்சின் உடலைத் தொடுகிறது. சாவியை அப்போதே விட்டுவிடுவது நல்லது. இத்தனை செய்தியை ஒரு கம்பித்துண்டின் நிறத்தில் வைத்த அந்த வடிவமைப்பாளர்களின் அறிவு பாராட்டத் தக்கது. பிற்காலத்து வண்டிகளில் வந்த, வெறும் நேரக்கணக்கில் எரிந்து அணையும் சிறு விளக்குக்கு இந்தத் திறன் இல்லை. பிளக்குகள் அனைத்தும் செத்திருந்தாலும் அது ஒழுங்காகவே எரிந்து அணையும்.

சாவி சுவிட்சில் இன்னொரு நுட்பம் உண்டு. வாகன மின்முனைகளுக்கு எண்ணிடும் ஜெர்மானிய நெறிமுறைப்படி 30 என்பது பேட்டரியின் நேர்முனை, 50 ஸ்டார்ட்டர், 19 முன்சூடேற்றம், 17 சூடேற்றியபடியே தொடங்குதல். குபோட்டா போன்ற ஜப்பானிய வண்டிகளின் சுவிட்சுகளிலும் இவ்வெண்களைக் காணலாம். முன்சூடேற்றும் நிலையில் 30-லிருந்து 19-க்குப் போகும் மின்சாரம் பலகைச் சுருள் வழியே செல்கிறது. ஸ்டார்ட்டர் சுழலத் தொடங்கியதும் பேட்டரியின் மின்னழுத்தம் பத்து வோல்ட்டை நெருங்கித் தாழ்ந்துவிடுவதால், அந்த நேரத்தில் சுருளை விலக்கி 17 வழியே பிளக்குகளுக்கு நேராக ஊட்டுகிறார்கள். 17-ஆம் முனை மட்டும் தேய்ந்துபோனால் வருவது விசித்திரமான கோளாறு: சுருள் அழகாகச் சிவக்கும், பிளக்குகள் நன்கு சூடேறும், ஸ்டார்ட்டரைச் சுழற்றிய கணமே அவை ஆறத் தொடங்கும். பிளக்குகளை மூன்று முறை மாற்றினாலும் இக்கோளாறு தீராது. ஸ்டார்ட்டர் சுழலும்போதே பிளக் பட்டையில் மின்னழுத்தத்தை அளந்து பார்ப்பது ஒன்றே இதைக் காட்டிக்கொடுக்கும்.

எர்த் பாதையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எஞ்சினே இரும்புதானே என்ற எண்ணம் காரணம். பேட்டரியின் எதிர்முனை வயர் சட்டகத்தின் ஒரு போல்ட்டில் இறங்குகிறது. அந்த போல்ட்டின் அடியில் பழைய பெயின்ட்டும் துருவும் சேறும் இருக்கின்றன. சூடேற்றும் மின்னோட்டம் மட்டுமல்லாமல் ஸ்டார்ட்டரின் நூறு இருநூறு ஆம்பியரும் அதே இடத்தின் வழியாகத்தான் திரும்ப வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்க் கம்பத்திலும் மறுமுனையைப் பிளக்கின் ஆறுமுகப் பகுதியிலும் வைத்துச் சூடேற்றிப் பார்த்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. எர்த் மிகவும் கெட்டிருந்தால் மின்னோட்டம் வேறு வழி தேடிக்கொள்ளும்: ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போது ஆக்சிலரேட்டர் கேபிளோ எஞ்சினை நிறுத்தும் கேபிளோ கையைச் சுடுமானால், அதுவே எர்த் வயராக மாறிவிட்டது என்று அறியலாம். போல்ட்டைக் கழற்றி, உலோகம் பளிச்செனத் தெரியும்வரை எமரித் தாளால் தேய்த்து, இறுக்கியபின் மேலே வாசலின் பூசுவது இதற்குப் போதும். செலவில்லாத வேலை. பல வண்டிகளில் இது ஒன்றே எஞ்சினை எழுப்பிவிடுகிறது.

பிளக்குகளின் முறை இதற்குப் பிறகு வருகிறது. பட்டையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பிளக்கின் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே மின்தடையை அளக்கலாம். எல்லையற்ற தடை காட்டினால் பிளக் அறுந்துவிட்டது. அறுந்ததைக் கண்டுபிடிக்க இது உதவுமேயன்றி, நல்லதையும் நலிந்ததையும் பிரித்தறிய உதவாது. சாதாரண மல்டிமீட்டரின் சோதனை வயர்களே 0.2 ஓமுக்கு மேல் காட்டக்கூடியவை. இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து வரும் எண்ணைக் கழித்தாலும், ஓர் ஓம் அளவில் அதன் சொல்லை முழுதாக நம்ப முடியாது. நேர்மின்னோட்டத்தை அளக்கவல்ல கிளாம்ப் மீட்டர் இருந்தால் வேலை எளிது. வயரைச் சுற்றிக் கவ்வி, சூடேற்றும்போது பாயும் ஆம்பியரைப் பார்த்து, பிளக்குகளின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளலாம். வீட்டு மின்சாரத்துக்கான மலிவான கிளாம்ப் மீட்டர்களில் பல மாறுமின்னோட்டத்தை மட்டுமே அளப்பவை. டிராக்டரில் அவை சுழியத்தையே காட்டும். சில புதிய பிளக்குகள் சூடேறச் சூடேறத் தம் மின்தடையைக் கூட்டிக்கொள்ளும் இயல்புடையவை என்பதால், முதல் வினாடியின் ஆம்பியரும் பதினைந்தாம் வினாடியின் ஆம்பியரும் வேறுபடுவதைக் கோளாறாக எண்ணிவிடக்கூடாது.

ஐயம் தீராவிட்டால் கழற்றிப் பார்ப்பதே இறுதி வழி. குளிர்ந்த எஞ்சினில் வலிந்து திருகினால் பிளக் பாதியில் முறிந்துபோகும். பிறகு எஞ்சின் தலையையே இறக்க வேண்டிவரும். எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, மரையில் துருநீக்கி எண்ணெய் விட்டுக் காத்திருந்து, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாகத் திருகுவதே முறை. கழற்றிய பிளக்கை வைஸில் பிடித்து, பக்கவிணைப்பு வகை என்பதை உறுதிசெய்துகொண்டு, ஃபியூஸ் வைத்த வயரால் 12 வோல்ட் கொடுத்தால், நுனி முதலில் சிவந்து அந்தச் செம்மை அடிப்பகுதிக்குப் பரவ வேண்டும். அடிப்பகுதி மட்டும் சிவந்து நுனி கறுப்பாகவே இருந்தால் அந்த பிளக் பயனற்றது. கையால் பிடித்துச் சோதிப்பது தோலை இழப்பதற்கு வழி. நுனி வீங்கியோ உருகியோ இருந்தால், அது அளவு மீறிச் சூடேற்றப்பட்டிருக்கிறது, அல்லது அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர் டீசலைத் தூவாமல் ஒழுகவிடுகிறது. இரண்டாவது காரணத்தைச் சரிசெய்யாமல் புதிய பிளக் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். உடைந்த நுனி சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டனும் போகும்.

சூடேற்றினால் பேட்டரி இறங்கிவிடும் என்ற அச்சத்தில் சாவியை ஐந்து வினாடியிலேயே முன்னுக்குத் திருப்பிவிடுபவர்கள் உண்டு. 30 ஆம்பியர் இருபது வினாடி பாய்ந்தால் செலவாவது ஓர் ஆம்பியர்-மணியில் ஆறில் ஒரு பங்குதான். 150 ஆம்பியர் இழுக்கும் ஸ்டார்ட்டர் அதே அளவை நான்கே வினாடியில் செலவழித்துவிடும். சூடேறாத எஞ்சினை அரை நிமிடம் சுழற்றுவதே பேட்டரியை வெறுமையாக்குகிறது. ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி நிறைவானது. 12-ஐ ஒட்டி இறங்கியிருந்தால் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. அதைச் சார்ஜ் செய்யாமல் மேற்சொன்ன எந்தச் சோதனையும் பொருளுள்ள விடை தராது.

தேய்ந்த சுவிட்சைத் திரும்பத் திரும்ப மாற்றுவதைவிட, முப்பது ஆம்பியர் பாரத்தை அதன் தோளிலிருந்து இறக்குவது மேல். ரிலே என்பது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் காந்தச் சுவிட்ச். சாவியின் முனையிலிருந்து ரிலேயின் காந்தச்சுருளுக்கு மெல்லிய வயரும், பேட்டரியிலிருந்து உரிய ஃபியூஸ் வழியே ரிலேக்கும் அங்கிருந்து பிளக் பட்டைக்கும் ஆறு சதுர மில்லிமீட்டர் வயரும் இட்டால், பெரிய ஓட்டத்தின் பாதை ஒரு மீட்டருக்குள் முடிந்துவிடும். 10.5 வோல்ட் பிளக்குகள் உள்ள வண்டியில் இப்படிச் செய்யும்போது பலகைச் சுருளையும் அந்தப் பாதையில் தொடர வைக்க வேண்டும், அல்லது 12 வோல்ட் பிளக்குகளுக்கு மாற வேண்டும். ரிலே டிக்கென்று ஒலிப்பதால் மட்டும் அது வேலை செய்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஒலிப்பது காந்தம், கருகியிருப்பது தொடுமுனை. அதற்கும் மின்னழுத்த இழப்புச் சோதனையே தீர்ப்பு. உருகிப்போன உருகிணைப்புக்குப் பதிலாகக் கையில் கிடைத்த வயரைப் போடுவதை எவ்விதத்திலும் ஏற்க முடியாது. அடுத்த முறை உருகப்போவது பலகைக்குப் பின்னாலுள்ள வயர்க்கட்டு முழுவதும். அதற்கு மிக அருகில் டீசல் டேங்க் இருக்கிறது.

அதைவிடக் கொடிய பழக்கம் ஒன்றும் இருக்கிறது. எழாத எஞ்சினின் காற்றுக்குழாயில் ஈதர் கலந்த தெளிப்பானைப் பீய்ச்சுவது சிலருக்கு வழக்கம். ஈதர் டீசலைவிட மிகக் குறைந்த வெப்பத்திலேயே பற்றிவிடுவது. ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும் அறைக்குள் அது நுழைந்தால், பிஸ்டன் மேலேறி முடிப்பதற்குள்ளேயே வெடித்து, பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் உடைக்கும். காற்றுக்குழாயே வெடித்து முகத்தில் தீப்பாய்ந்த விபத்துகளும் நேர்ந்திருக்கின்றன. ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் ஈதருக்கு இடமே இல்லை.

குளிரில் எழ மறுக்கும் குறையிலிருந்து தப்ப எஞ்சினையே மாற்றிய வரலாறும் உண்டு. 1956-ல் கோவென்ட்ரி நகரின் பேனர் லேன் ஆலையிலிருந்து வந்த ஃபெர்குசன் 35 டிராக்டரின் டீசல் வடிவில், ஸ்டாண்டர்ட் நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் 23சி எஞ்சின் இருந்தது. மறைமுகச் செலுத்தலும் ஹீட்டர் பிளக்குகளும் கொண்ட அது, குளிரில் எழ மறுப்பதற்கே பெயர்பெற்றுவிட்டது. 1959-ல் பெர்க்கின்ஸ் நிறுவனத்தை வாங்கிய மாசி ஃபெர்குசன், அதே ஆண்டிலேயே அந்த டிராக்டருக்கு நேரடிச் செலுத்தல் கொண்ட மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் எஞ்சினைப் பொருத்தியது. சிலிண்டருக்கொரு பிளக் என்ற தேவை அதோடு ஒழிந்து, காற்றுக்குழாயில் ஒற்றைச் சூடேற்றி வைப்பதே போதுமானதாயிற்று. ஆனாலும் சிறு எஞ்சின்களில் சிற்றறையும் அதன் பிளக்கும் நீடித்தன. விடியற்காலை உறைபனி விழும் உதகைப் பக்கத்துச் சரிவுகளில் இத்தகைய சிறு டிராக்டரை ஓட்டுபவருக்கு, டிசம்பரிலும் ஜனவரியிலும் அந்த பிளக்கின் அருமை தெரியும்.

வேலையைத் தொடங்கும்போது பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றி, முடித்தபின் கடைசியில் மாட்ட வேண்டும்; ஸ்பேனர் தவறி உடலைத் தொட்டாலும் அப்போது பொறி பறக்காது. பட்டையின் சிறு நட்டுகளை அதிர்வு தளர்த்திவிடும் என்பதால் அவற்றின் அடியில் வில் வாஷர் இடுவது நல்லது. அளவு மீறி இறுக்கினால் பிளக்கின் மெல்லிய முனை முறுக்கேறி ஒடியும். எல்லாம் சரியான நாளில் பேட்டரியின் மின்னழுத்தம், பிளக் பட்டையின் மின்னழுத்தம், எர்த் இழப்பு, பலகைச் சுருள் சிவக்க எடுத்த வினாடிகள் ஆகிய நான்கு எண்களையும், அன்றைய தேதியோடு, பானட்டின் உட்புறத்தில் பெயின்ட்டால் எழுதிவைத்துவிட்டால், அடுத்த குளிர்காலத்தில் வண்டி எழ மறுக்கும்போது மீட்டரை எடுத்து அந்த நான்கையும் மீண்டும் அளந்து, எந்த எண் மாறியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.